தாலின் கிணற்றிலிருந்து உன்னைக் கூப்பிட்டது

என் ஆசை செல்வியக்காவுக்கு,

உனக்கு என்மேல் கோபம் என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்ததால் நீ பாதி வழியிலேயே நின்றுவிட்டாயாம். நின்ற இடம் அத்தையின் ஊரான காணையோ விழுப்புரமோ என்றால் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்துவிடலாம். நீ நின்றதோ தாலினில். எஸ்தோனியா நாட்டின் தலைநகரத்தில், ராஜா காலத்துக் கல் பதித்த ஒரு தெருவில், தன்னந்தனியாக.

கேட்டதிலிருந்து எனக்குள் இரண்டு குரல். ஐயோ, அக்கா அங்கே தனியாக நிற்கிறாளே என்று ஒன்று. நிற்கட்டுமே, அவளுக்குத்தான் அந்த ஊர் அவ்வளவு பிடிக்குமே என்று இன்னொன்று. இரண்டாவதுதான் சத்தமாகக் கேட்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். லீவுக்கு ஊருக்கு வந்த நீ காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் மகள் இனியா அப்போது பால்கூட மறக்கவில்லை. ஒரு வருஷம் போனதும் திண்டிவனத்தில் நம் வீட்டுக்குப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "எவளோ ஒருத்தி வந்து கொழந்தைய அடிச்சா தாங்குவியாடி?" என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்கு யாரால் 'தாங்குவேன்' என்று சொல்ல முடியும்? உன் புருஷன் எனக்குப் புருஷன் ஆனார். முன்பும் மாமா, இப்போதும் மாமா. கூப்பிடுகிற முறைகூட மாறவில்லை.

மாறியது நீதான். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போன பெண், நம் பக்கத்தில் அந்த வீட்டுத் தெய்வம். பூவாடைக்காரி. எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் அவளைக் கிணற்றடியிலிருந்து அழைத்து வரவேண்டும். அவளுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அவளுக்கு வைத்த புதுப் புடவையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்ள வேண்டும். நான் வாழவந்த வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவள் வெறும் மூத்தவள் இல்லை, சாமி. சாமியோடு யார் போட்டி போடுவது, சொல்.

நீ சாமி ஆவதற்கு முன்னாலும் என்னால் முடிந்ததில்லைதான். பள்ளிக்கூடம் போகிற நாளில் தெருமுனையில் டவுன் பஸ் வந்து நிற்கும்போது நீ இரண்டாவது ஜடையைப் பின்னிக்கொண்டிருப்பாய். நான்தான் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்துவேன்.

"யக்கா, பஸ்ஸு வந்துடுச்சி! ஜல்தி வா!"

"இன்னாமா, உங்க வூட்டு வண்டியா இது?" என்று கண்டக்டர் என்மேல் எரிந்துவிழுவார். ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு நீ ஓடிவருவாய். உன்னைப் பார்த்ததும் அதே கண்டக்டர் சிரிப்பார். யாராவது எழுந்து உனக்கு இடம் கொடுப்பார்கள். பஸ்ஸை நிறுத்தியவள் நான், உட்கார்ந்து போனவள் நீ.

தாலினுக்கும் அப்படித்தான் போனேன். நீ உட்கார்ந்து எழுந்த இடத்துக்கு.

மாமாவின் வேலை அங்கேதானே. ஃப்ளாட்டும் அதேதான். மிளகாய்த்தூள், மல்லித்தூள் என்று டப்பாவுக்கு டப்பா உன் கையெழுத்து. போன கோடையில் நானும் இனியாவும் போய் இறங்கினோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா எங்களைப் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனார். கூம்புத் தொப்பி போட்ட இரண்டு உருண்டைக் கோபுரங்கள், அவற்றுக்கு வெளியே வரிசையாகப் பூக்கடைகள். உள்ளே நுழைந்ததும் கார் சத்தம் நின்றுவிடுகிறது. தரையெல்லாம் உருண்டைக் கல். இனியாவின் தள்ளுவண்டிச் சக்கரம் அடிக்கடி கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. குழந்தை விழுந்துவிடுவாளோ, குளிர்காற்று காதில் புகுந்துவிடுமோ, கூட்டத்தில் எவனாவது தூக்கிப்போய்விடுவானோ என்று என் கண் அவளை விட்டு நகரவில்லை. மாமா மட்டும் ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊரை எங்கே பார்த்தார், உன்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கம்பத்தாண்டதான் செல்வி ஒருநாளு செருப்பு பிஞ்சி நின்னா."

"இந்த மருந்துக்கட எத்தினியோ நூறு வருசமா நடக்குது. செல்வி உள்ள போயி தலவலி மாத்திர கேட்டா, பாரேன்."

மலைமேல் ஏறுவதற்கு இரண்டு வழி இருக்கிறதே, ஒன்றுக்கு நெட்டைக் கால் என்று பெயர், மற்றதற்குக் குட்டைக் கால். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் ஊரே நொண்டுகிறது என்று அங்கே கேலி பேசுவார்களாம். எதில் போகலாம் என்று மாமா கேட்டார்.

"அக்கா எதுல போவா?"

"நெட்ட கால்லதான். அதுதான் சரிவா இருக்கும்."

"அப்ப நாம குட்ட கால்ல போலாம் மாமா."

குட்டைக் காலில் படிகள். வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் இடுப்பு விட்டுப்போயிற்று. மேலே போனபிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே மேட்டுக்குத்தான் போகின்றன. சிவப்பு ஓட்டுக் கூரைகள், கோட்டைச் சுவர், ஊசி ஊசியாகச் சர்ச்சுகள், கடைசியில் கடலும் கப்பலும். அழகுதான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கைப்பிடிச் சுவரில் நீ சாய்ந்து சிரிக்கிற போட்டோதான் திண்டிவனம் வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குகிறது. அதே சுவரில் சாய்ந்து நான் எந்த முகத்தோடு சிரிப்பது? மாமா போனைத் தூக்கினார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார். அந்தப் போட்டோ எடுக்கப்படவே இல்லை.

கீழே சதுக்கத்தில் மரவண்டி வைத்துப் பாதாம் வறுக்கிறாளே, அந்தக் காலத்து நீளப் பாவாடையும் தலைத்துண்டுமாக ஒருத்தி, உனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். எத்தனை நாளாயிற்று உன்னைப் பார்த்து, ஏன் முடியை வெட்டிவிட்டாய், பாப்பாவா இது, இவ்வளவு வளர்ந்துவிட்டாளா என்று இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். காகிதக் கூம்பு நிறையப் பாதாம் போட்டு, மேலே இன்னொரு கை அள்ளிப்போட்டாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் என்னை நீ என்றே நினைத்துவிட்டாள். கொஞ்சதூரம் வந்தபின், "சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றேன்.

"எப்பிடி சொல்றது கயலு? அவ்ளோ சந்தோசமா பேசிக்கினு இருந்தாங்க."

"அப்ப நான் யாரு?"

"பாதாம் சூடா கீது. கொழந்தைக்கு ஆறவச்சிக் குடு" என்றார்.

உனக்கு வறுத்த பாதாமைத் தின்றுகொண்டே நடந்தேன். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு இனியாவுக்குச் சளி, காய்ச்சல் என்று மாற்றி மாற்றி வந்தது. அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே என் உள்ளங்கை தேய்ந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்காததை நான் பார்த்தவள் இல்லையா? வீடியோவில் அத்தை ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டார்கள்.

"புது மருமவ போயிருக்கா, பூவாடக்காரிய அழைக்காமியே அடுப்பு பத்த வச்சிட்டீங்க. அவ வெளியவே நிக்கிறா. கெணத்தாண்ட போயி கூப்புடுங்கடா."

"இங்க ஏதுமா கெணறு? கொழாய தொறந்தா தண்ணி" என்றார் மாமா.

"கெணறு இல்லாம ஒரு ஊரு இருக்குமாடா?"

இருந்தது. பழைய நகரத்துத் தெரு ஒன்றில் கூரை போட்டு, சக்கரம் வைத்து, மூடிவைத்த ஒரு கிணறு. அதற்குள் ஒரு நீர்ப்பேய் இருந்ததாகவும், அது ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்துவிடாமல் இருக்க ஜனங்கள் பூனையைப் பிடித்துப் போட்டதாகவும் கதை சொல்கிறார்கள். மாமா சிரிப்புக்காக அதை அத்தையிடம் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை.

"பாத்தியா, அங்கியும் படையல் போட்டுக்கினுதான் இருந்திருக்காங்க. பூனைய போட்டானுங்களாம், புத்தி கெட்டவனுங்க. நீ அங்கியே போயி கூப்புடு."

அடுத்த சிக்கல் நேரம். பொழுது சாய்கிற நேரத்தில்தானே அழைக்க வேண்டும்? கோடையில் அந்த ஊரில் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் அடிக்கிறது. "பேஜார் புடிச்ச ஊரா இருக்குதே" என்ற அத்தை, கடைசியில் நம் ஊர் இருட்டையே கணக்காக வைத்துவிட்டார்கள். இங்கே காணையில் விளக்கு வைத்தபோது அங்கே பட்டப்பகல். தெருவெல்லாம் சுற்றுலாக்காரர்கள். அவர்கள் நடுவில் நான், ஸ்வெட்டருக்கு மேல் உனக்குப் பிடித்த கிளிப்பச்சைப் புடவை, கையில் மஞ்சள்நீர்ச் சொம்பு, அதன்மேல் தேங்காய், கோபுர வாசலில் வாங்கிய வெள்ளைப் பூ. பச்சை எனக்கு என்றைக்காவது பொருந்தியிருக்கிறதா? ஒரு ஜப்பான்காரப் பாட்டியம்மா என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூடிய கிணற்றருகில் சொம்பை வைத்தோம். நான் கூப்பிடுவதற்குள் மாமா கூப்பிட்டார். "செல்வி, வா, வூட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை அக்கா. என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதும், தூங்கக் கூப்பிடும்போதும் அந்தக் குரல் எங்கே இருந்தது? செத்துப்போனவளுக்கு இருக்கிற குரல் உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லையா?

சொம்பைத் தூக்கியவள் வீடு சேரும்வரை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் பின்னால் வருகிறவள் அங்கேயே நின்றுவிடுவாள். நான் முன்னால் நடந்தேன். பின்னால் மாமா தள்ளுவண்டியோடு வந்தார். வண்டியில் செருகிய போனுக்குள் காணை வீடே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "இப்ப போட்டோம்மா நம்ம கூட வர்றாங்களா?" என்று இனியா கேட்டுக்கொண்டே வந்தாள். உன்னை அவள் அப்படித்தான் சொல்வாள். நான் பதில் சொல்ல முடியாது. கோட்டைச் சுவர் வரை வந்துவிட்டோம். அப்போது வண்டிச் சக்கரம் கல்லில் மாட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அம்மா!" என்று வீறிட்டாள்.

பின்னால் வருகிற உன்னைக் கூப்பிட்டாளா, முன்னால் போகிற என்னையா? எனக்கு யோசிக்க நேரம் ஏது? கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. சொம்பு சாய்ந்து தண்ணீர் கல்லிடுக்கில் ஓடியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. கையிலிருந்த பொம்மைதான் விழுந்திருந்தது. ஆனால் போனுக்குள் கூச்சல் எழுந்துவிட்டது.

"ஐயய்யோ, திரும்பிட்டா! திரும்பிட்டாம்மா அவ!"

அது மாமாவின் அக்கா வளர்மதி அண்ணி. அதோடு விடவில்லை. "தங்கச்சிக்காரி அக்காள நடுத்தெருவுல நிக்க வச்சிட்டா போ" என்று அன்றைக்குச் சொன்னதுதான் விழுப்புரம் மார்க்கெட் வரை போயிருக்கிறது.

இப்போது காதுகுத்துக்காக வந்திருக்கிறோம். வந்து இறங்கிய அன்றே, மாமா இருக்கும்போதே அத்தை சொன்னார்கள். "கெணத்தாண்ட அழைச்சிப் பாப்பேன். செல்வி உத்தரவு குடுத்தா கொழந்தைய கூட்டிக்கினு போ. குடுக்கலன்னா அவ இங்கியே எங்கிட்ட இருக்கட்டும். பெத்தவ வராத ஊருல அவளுக்கு இன்னா வேல?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவரா அவர்? உனக்குத் தெரியாததா? பெறாத பிள்ளைக்கு நான் எந்த உரிமையில் வாயைத் திறப்பது? நான் நம்பி நிற்க வேண்டியதும் உன்னைத்தான், பயப்பட வேண்டியதும் உன்னைத்தான்.

நேற்று காலையிலிருந்து உனக்குப் படையல் சமைத்தார்கள். "கத்திரிக்கா காரக்கொழம்புன்னா செல்விக்கு உசுரு" என்றார்கள் அத்தை. மாமா தாலினிலிருந்து கொண்டுவந்த பாதாம் பொட்டலத்தை எடுத்து வைத்து, "இதுதான் அவளுக்கு ரொம்பப் புடிக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கத்திரிக்காயா! நம் வீட்டில் உன் தட்டுக் கத்திரிக்காயையும் சேர்த்துத் தின்று வளர்ந்தவள் நான். மாமியார் வீட்டில் மறுக்க முடியாமல் தின்றிருக்கிறாய். அதைப் பிடித்தது என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் யாருக்குப் படைக்கிறார்கள்? இவ்வளவு நாளும் நான் உன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அடுப்பங்கரையில் நிற்கும்போது முதல்முறையாக இவர்கள்மேல் பொறாமை வந்தது. ஆளுக்கு ஒரு செல்வியைச் செய்து வைத்துக்கொண்டு, என் அக்காவை என்னிடமே காட்டுகிறார்களே என்று.

மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், உப்புப் போட்டு வேகவைத்து ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னாடி இது, சாமிக்கு மல்லாட்ட?" என்றார் வளர்மதி அண்ணி.

"சாமிக்கு இல்ல அண்ணி. எங்க அக்காவுக்கு."

சாயங்காலம் கரும்புக் கொல்லைக் கிணற்றடிக்குப் போனோம். சொம்பு வைத்து, தேங்காய்மேல் பூச்சரம் சுற்றி, கற்பூரம் ஏற்றினார்கள். வலப்பக்கம் பூ விழுந்தால் நீ வந்துவிட்டாய், உத்தரவு. அத்தை கூப்பிட்டார்கள். "எந்தாயே, பூவாடக்காரி, வாம்மா." விழவில்லை. அண்ணி கூப்பிட்டார். மாமா கூப்பிட்டார், அதே குரலில். அப்போதும் விழவில்லை. ஒரு நொடி எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அந்தக் குரலுக்கும் நீ வரவில்லை என்று. அடுத்த நொடியே, நீ வராவிட்டால் இனியா போய்விடுவாளே என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் மடியில் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோவமாதான் இருக்கா" என்று அத்தை கண்ணைத் துடைத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "நீ கூப்புடுடி. கூடப் பொறந்தவ."

வாயைத் திறந்தேன். தாயே என்று வரவில்லை. நீ எனக்கு எப்போது தாயாக இருந்தாய்? கிணற்றுக்குள் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"யக்கா, பஸ்ஸு வந்துடுச்சி! ஜல்தி வா!"

எல்லாரும் திகைத்துப்போனார்கள். வளர்மதி அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கிணறு ஒரு முறை திருப்பிச் சொன்னது. இனியாவுக்குக் குஷி. அவளும் எட்டிப் பார்த்து, "ஜல்தி வா! ஜல்தி வா!" என்று கத்தினாள். அவள் பாவாடையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தை, "வலப்பக்கமே விழுந்துடுச்சி!" என்றார்கள்.

நான் கணக்குப் படித்தவள். ஈரப்பூ கற்பூரச் சூட்டில் வாடி நழுவும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு, எப்போதும் போலக் கடைசி நிமிஷத்தில், நீ ஓடிவந்த சத்தமும் எனக்குக் கேட்டது. இரண்டில் எது என்று நீயே சொல்.

அத்தை சொம்பை எடுத்து என் இடுப்பில் வைத்தார்கள். "இந்த வாட்டி திரும்பாத" என்றார்கள். நான் இனியாவை எனக்கு முன்னால் நடக்கவிட்டேன். அவள் கண்ணெதிரில் போகும்போது நான் எதற்குத் திரும்பப் போகிறேன்? வீட்டு வாசலில் என் காலில் தண்ணீர் ஊற்றி, அத்தை மெதுவாகச் சொன்னார்கள். "டிக்கெட்டு மூணு பேருக்கே இருக்கட்டும். கூட்டிக்கினு போ. போய் ஒழுங்கா சாப்பாடு குடு." மாமா மல்லாட்டைத் தட்டை மட்டும் எடுத்து, "இது அவளுக்குப் புடிக்குமா? எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார். சொல்லவில்லையா? நல்லது. அது ஒன்றாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

இன்று காலை காது குத்தியாயிற்று. தாய்மாமன் முறைக்கு நம் சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். கம்மல் போட்டதும் அப்படியே உன் ஜாடை. அதற்கும் ஒரு பொறாமை வந்தது, போகட்டும்.

அடுத்த கோடையில் அந்தத் தாலின் கிணற்றுக்குப் போவேன், அக்கா. கிளிப்பச்சை வேண்டாம், எனக்குப் பொருந்துகிற மாம்பழ நிறத்தில் எடுத்துக்கொள்கிறேன், நீயும் ஒருமுறை என் நிறத்தில் கட்டிப் பார். பாதாம்காரியிடம் நான் யார் என்று நானே சொல்லிவிடுவேன். உனக்காக அவள் அழுதால் பக்கத்தில் நின்று நானும் அழுவேன். நம் மொழி தெரியாத கூட்டத்துக்கு நடுவில், பஸ் வந்துவிட்டது என்று கத்துவேன். நீ வா. நெட்டைக் காலிலேயே நடந்து வா. அந்தச் சுவரில் சாய்ந்து நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்.

ஆனால் ஒன்று. சொம்பு என் கையில் இருக்கும்போது அவள் "அம்மா" என்று கூப்பிட்டால், நான் திரும்பித்தான் பார்ப்பேன். தண்ணீர் முழுக்கக் கொட்டினாலும் பார்ப்பேன். நீ அங்கேயே நிற்காதே. எங்களோடு நடந்து வந்துவிடு.

படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னும் உனக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிற
உன் தங்கச்சி,
இனியாவின் அம்மா,
கயல்